பதினான்காவது கேள்வியும் ஒரு பிடி மிளகாயும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்க்கு ஒரு பல்கலைக்கழகம் நல்ல மதிப்பெண்ணும் போட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டு, என்னைக் கையும் களவுமாகப் பிடித்த பெருமையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

1979 ஆகஸ்டில், கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு ராதாகிருஷ்ணன் என்ற இருபத்தொரு வயது மாணவன் போனான். கையில் எண்பது கேள்வித்தாள்கள். ஒவ்வொன்றிலும் இருபத்தாறு கேள்விகள். வயது என்ன, படிப்பு என்ன, பிள்ளைகள் எத்தனை என்று நல்லபிள்ளையாகத் தொடங்கி, உடல்நலம் எப்படி, தன்னம்பிக்கை எப்படி, வேலைப்பளு எப்படி என்று போய் முடியும். எப்பேர்ப்பட்டவர்களுக்கு எது கூடுதல், எது குறைச்சல் என்று கண்டுபிடித்து வரச் சொல்லிப் பேராசிரியர் அனுப்பியிருந்தார்.

அந்த ராதாகிருஷ்ணன் நான்தான். ஆனால் இனிமேல் அவனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுதினால் இரண்டாவது பக்கத்திலேயே அவனுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவேன். அதற்கு அவன் லாயக்கில்லை.

பத்து வருடம் எழுதாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறாய் என்றால், போன மாதம் தாப்பா பஸ் நிலையத்தில் மணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணியம்மா யார் என்பது மூன்றாவது பகுதியில் வரும். அவள் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் வரும்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதி அடித்தவற்றைப் பார்வைக்கு வைக்கிறேன்.

[மலையெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை—]

வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்கள் யாரும் அதைக் கம்பளம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஏழாம் நம்பர் காடு, வழுக்குக் காடு என்றுதான் சொல்வார்கள். கம்பளத்தில் யாரும் வழுக்கி விழுவதில்லை.

[பவளத்தின் கண்களில் தலைமுறை தலைமுறையான சோகம்—]

இதைப் படித்துக் காட்டினால் பவளம் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்த ஆகஸ்டில் அவள் கண்ணில் இருந்தது சோகம் இல்லை, நவம்பர் மாதம்.

[“உடம்பு எப்படி இருக்கு?” என்று ராதாகிருஷ்ணன் கேட்டான். “நல்லா இருக்கேன் தம்பி” என்றாள் பவளம்.]

இது இருக்கட்டும். இரண்டு வாக்கியத்தில் ஒன்று பொய். ஒரு கதைக்கு அந்த அளவு போதும்.

3

பவளத்துக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. புருஷன் இருளப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டது. அவள் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். ஒரே மகள் சாரதா, தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம். நவம்பரில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பெரிய பரீட்சை. அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை.

லயம் என்பது தோட்டம் கொடுத்த வரிசை வீடுகள். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம். வீட்டில் யாராவது ஒருவர் பெயர் செக்ரோலில், அதாவது தினமும் வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் பேரேட்டில், இருக்க வேண்டும். பவளம் பெயர் போனால் வீடு போகும். வீடு போகாமல் இருக்க வேண்டுமென்றால் சாரதா பெயர் ஏற வேண்டும். சாரதா பெயர் ஏறினால் பரீட்சை போகும். அவ்வளவுதான் விஷயம். இந்தக் கதையில் புரியாத இடம் வந்தால் இந்தப் பத்திக்குத் திரும்பி வாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில், அந்த ஜனவரியிலிருந்து பவளத்தின் வலது தோள்பட்டை மக்கர் செய்யத் தொடங்கியிருந்தது. கை நெஞ்சு உயரம் வரை வரும். அதற்கு மேல் தூக்கினால் கண்ணில் பூச்சி பறக்கும். கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் இருக்கும் கூடையில் வீசுவதுதான் அவள் வேலை. அவள் இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டாள். கிள்ளியதை அதில் சேர்த்து, நிறைந்ததும் கூடையை இறக்கி, இடது கையால் அள்ளிப் போட்டாள்.

கங்காணி காளியண்ணன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னா பவளம், புதுசா எடக்கை வேலையா இருக்கு?”

“சின்னதுலேருந்தே எனக்கு எடக்கை வாகுதான் கங்காணியாரே. புருஷன் இருந்த வரைக்கும் மறைச்சு வச்சிருந்தேன்.”

காளியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். புருஷன் பெண்சாதி சமாச்சாரத்தில் தலையிடுகிற ஆள் அவர் இல்லை.

அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள் மணியம்மா. பவளத்தைவிட ஐந்து வயது மூத்தவள். தோட்டத்திலேயே அதிகக் கொழுந்து நிறுப்பவள். பவளத்தின் கூடை இளைத்துப்போகத் தொடங்கிய நாளிலிருந்து, கங்காணி முதுகைக் காட்டும்போதெல்லாம் மணியம்மா தன் கூடையிலிருந்து ஒரு வாரு வாரி அதில் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாள். தாப்பாவில் அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தான் செய்ததை அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, நானும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறேன்.

“ஆஸ்பத்திரியில காட்டு லா பவளம். எண்ணெயப் போட்டு எத்தன நாளைக்கு?”

“நவம்பர் முடியட்டும் மணியக்கா. அப்புறம் இந்தக் கைய வெட்டிக்கூடப் போடட்டும்.”

ஆஸ்பத்திரி என்று மணியம்மா சொன்னது தோட்டத்து மருந்தகத்தை. அங்கே டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் முடியவில்லை என்றால் மஞ்சள் சீட்டு எழுதுவார். மஞ்சள் சீட்டு வாங்கியவரை நாற்றங்காலுக்கு மாற்றி, பைக்கு மண் நிரப்பச் சொல்வார்கள். இரண்டு மாதம் போனதும் அடுத்த சீட்டு. அதற்கடுத்த சீட்டில் செக்ரோலிலிருந்து பெயர் போய்விடும். மஞ்சள் சீட்டோடு போன யாரும் திரும்பி வந்து கொழுந்துக் கூடையைத் தொட்டதில்லை.*

* இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், ராதாகிருஷ்ணனின் எண்பது கேள்வித்தாள்களும் மஞ்சள் நிறம். வெள்ளைத்தாள் தீர்ந்துபோனதால் துறையில் மிச்சமிருந்ததில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

4

முதல் நாள் காலை அவன் போய் உட்கார்ந்தது பெரட்டுக் களத்தில். விடியற்காலையில் எல்லாரும் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்தக் காடு என்று சொல்லுகிற இடம் அது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினம் செக்ரோலோடு உட்காரும் மேசையிலேயே இவனும் ஓரமாக உட்கார்ந்தான். எதிரே தகர டின்னில் எரிந்த நெருப்பில் குளிர்காய்ந்தான். மஞ்சள் தாளை எடுத்து விரித்தான்.

கேள்வி பதினான்கு: பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி? மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.

இரவெல்லாம் இருமுகிறவர்கள் மிக நன்று என்றார்கள். மூட்டு வீங்கியவர்கள் மிக நன்று என்றார்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்த ஒருவர், “எளவட்டம் கணக்கா இருக்கேன் தம்பி, எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவன் பார்வை மறையும் வரை இழுக்காமல் நடந்து போனார். அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அவன் டிக் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு இடம் மாறினான். தராசுக்குப் பக்கத்தில், ஆள் கூடியிருக்கும் இடத்தில், நன்றாக இருக்கிறவர்களைப் பிடித்துக் கேட்டான். இங்கே வேறு மாதிரி. நாலு பேர் காதுபட 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிக் கண்பட்டுப் போக யாருக்கு ஆசை? தராசு முள்ளை ஆட்டுகிற கூடையை இறக்கிவைத்துவிட்டு மணியம்மா சொன்னாள்:

“எனக்கென்ன தம்பி, இன்னிக்கோ நாளைக்கோ. போற உசுரு.”

மிக மோசம் என்று டிக் போட்டான்.

மூன்றாவதாகக் கிராணி நாகரத்தினம். தாளைக் கண்டு பயப்படாதவர் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான், ஏனென்றால் அவர் நாற்காலியை எந்தச் சீட்டும் அசைக்காது. அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரஷர். வாயு. முதுகு. பழைய தூசி பட்டாலே தும்மல், புகை பட்டால் ஒரு மணிநேரம் இருமல். மிக மோசம். தன்னம்பிக்கை குறைவு. வேலைப்பளு மிக மிக அதிகம்.

“மிக மிகவுக்கு இடமில்ல சார். மிகதான் இருக்கு.”

“பக்கத்துல எழுதிக்கங்க மிஸ்டர் ராதா.”

ஆக, நோயாளிகள் எல்லாரும் திடகாத்திரம், திடகாத்திரமானவர்கள் சாகக் கிடக்கிறார்கள், உட்கார்ந்து எழுதுகிறவருக்குத்தான் உழைப்பு முறிக்கிறது. ராதாகிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. படிப்பு குறையக் குறைய உடல்நலமும் தன்னம்பிக்கையும் கூடுகின்றன! விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து அளவுகோலை வைத்துக் கோடு கிழித்தான். கோடு அழகாக ஏறியது.

உடம்பு எப்படி என்ற கேள்விக்கு உடம்பு பதில் சொல்வதே இல்லை. வீடு சொல்கிறது, பரீட்சைக்குப் படிக்கிற மகள் சொல்கிறாள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது சொல்கிறது. இந்த மூன்று வரியை அன்றைக்கே எழுதியிருந்தால் அவன் உருப்பட்டிருப்பான். இந்தக் கதைதான் உருப்பட்டிருக்காது.

5

பவளம் மூன்று நாளாக அவன் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் சாயங்காலம் அவன் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

சாரதா இன்னும் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்கவில்லை. பவளம் மஞ்சள் தாளைப் பார்த்தாள். பிறகு முகத்தை மலர்த்திக்கொண்டு, “வாங்க தம்பி, உக்காருங்க” என்றாள். தேத்தண்ணி போட்டாள். வந்த விருந்தாளிக்கு டம்ளரை நீட்ட வேண்டும். வலது கை நீளாது. இடது கையால் கொடுத்தால் மரியாதை இல்லை. ஒரு நிமிடம் டம்ளரோடு நின்றாள். பிறகு அதை முக்காலியில் வைத்து, “சுடச்சுட எடுத்துக் குடிங்க” என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

அவன் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்: வெளியாட்களிடம் கூச்சம்.

[இந்த இடத்தில் அவன் அவள் தோளைக் கவனித்து, மனம் கசிந்து—]

கசியவில்லை. எழுதும்போது கை தானாக அவனை நல்லவனாக்கப் பார்க்கிறது. அடித்துவிட்டேன். அவன் கேட்டது இதுதான்:

“பொதுவா உங்க உடல்நலம் எப்படிம்மா?”

“நல்லா இருக்கேன் தம்பி.”

“நல்லாவா, மிக நல்லாவா?”

“எது ஒசத்தியோ அதப் போடுங்க.”

“உங்க வேலைய உங்களால செய்ய முடியுங்கிற நம்பிக்கை?”

பவளம் இங்கே நிறுத்தியிருக்கலாம். 'இருக்கு தம்பி' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எட்டு மாதமாக ஒரு பொய்யை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு திரிகிறவளுக்கு அதில் ஒரு தேர்ச்சி வந்துவிடுகிறது, தேர்ச்சி வந்தால் கொஞ்சம் திமிரும் வருகிறது.

“என்னால முடியாத வேலைன்னு ஒண்ணு இந்த மலையிலயே கெடையாது. அப்படியே எழுதுங்க.”

அப்படியே எழுதினான்.

6

மறுநாள் அவன் கிராணி நாகரத்தினத்திடம் போய், ஏதோ புதையல் எடுத்தவன் போலச் சொன்னான்.

“உங்க தோட்டத்துலயே ரொம்ப ஆரோக்கியமான ஆள் யார் தெரியுமா சார்? பவளம்! படிப்பு இல்ல, புருஷன் இல்ல, ஆனா உடம்பு, நம்பிக்கை எல்லாம் உச்சத்துல இருக்கு. முடியாத வேலையே இல்லங்கிறாங்க.”

நாகரத்தினத்தை வில்லனாக்க நான் ரொம்பப் பிரயத்தனப்பட்டேன். மீசை வைத்துப் பார்த்தேன், குடிக்க வைத்துப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். செடிக்குப் பூச்சிமருந்தடிக்கிற கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்திருந்தது. மருந்தடிக்கிறவர்கள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விடலாம். தாலியறுத்த பெண், படிக்கிற பிள்ளையை வைத்திருக்கிறாள், நேரத்தோடு வீட்டுக்குப் போகட்டும் என்று நல்லெண்ணத்தோடு பவளத்தின் பெயரை அங்கே எழுதினார்.

மருந்துப் பம்பை முதுகில் மாட்ட வேண்டும். தண்ணீரும் மருந்துமாகக் கனக்கும். இடது கையில் குழாய். வலது கையால் பிடியை மேலும் கீழும் அடித்துக்கொண்டே மலை ஏற வேண்டும். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை என்று நாகரத்தினத்துக்குத் தெரியாது. ராதாகிருஷ்ணனின் இருபத்தாறு கேள்விகளில் அது இல்லை.

சாயங்காலம் மணியம்மா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். பவளம் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடியாது என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் டிரஸ்ஸர். டிரஸ்ஸர் என்றால் மஞ்சள் சீட்டு. முன்னறையில் சாரதா சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பவளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இந்தக் கதையில் வேடிக்கையே இல்லாத இடம் இது ஒன்றுதான். இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை மட்டும் எழுதிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

“மணியக்கா, அந்தத் தம்பி என்ன சொன்னாராம்? மறுபடி சொல்லு.”

“தோட்டத்துலயே உன்னப் போல ஆரோக்கியமான ஆளே இல்லைன்னாராம்.”

“ஆபீசுல வச்சா?”

“கிராணி, பியூன், லோரி டிரைவர் எல்லாம் இருந்தாங்களாம். அத்தன பேர் காதுபட.”

பவளம் மூக்கைச் சிந்தினாள். சிரித்தாள்.

“பாவி, இப்படிக் கண்ணு வச்சுட்டானே!”

7

இந்தப் பகுதியில் கண்ணேறு பற்றி மானிடவியல் நோக்கில் ஒரு கட்டுரை இருந்தது. என் மனைவி படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.

8

மறுநாள் பெரட்டு. பனி இறங்கி நின்றது. தகர டின்னில் நெருப்பு. மேசையில் நாகரத்தினமும் ராதாகிருஷ்ணனும். எதிரே எண்பது பேர்.

“பவளம், மருந்துக் கூட்டம்” என்று கூப்பிட்டார் காளியண்ணன்.

பவளம் முன்னால் வந்தாள்.

“கையத் தூக்க முடியல கங்காணியாரே.”

எட்டு மாதம் ஒளித்து வைத்ததை எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினாள். வலது கை நெஞ்சு வரை வந்து, நடுங்கி, நின்றது.

“எப்பலேருந்து?”

“நேத்து மத்தியானத்துலேருந்து. அதுவரைக்கும் கல்லு கணக்கா இருந்தேன். நீங்களே பாத்திருக்கீங்க. இந்தத் தம்பி ஆபீசுல நின்னுக்கிட்டு, தோட்டத்துலயே என்னப் போல ஆளு இல்லைன்னு அத்தன பேரு நடுவுல வாய் வச்சாரு. அடுத்த நிமிசம் தோள்ல யாரோ அடிச்ச மாதிரி விழுந்துச்சு.”

எண்பது தலைகளும் ராதாகிருஷ்ணன் பக்கம் திரும்பின.

“நான் நல்லதுதானே சொன்னேன்?” என்றான் அவன்.

“அதுதான் தம்பி கண்ணு” என்றாள் மணியம்மா. “கெட்டது சொன்னா பலிக்காது.”

நாகரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார். “முடியலைன்னா டிரஸ்ஸர்கிட்ட போகட்டும். அதுதானே முறை?”

“டிரஸ்ஸர் கண்ணுக்கு ஊசி போடுவாராய்யா?” என்றாள் மணியம்மா. “இது ஒடம்பு சீக்கு இல்ல. சுத்திப் போட்டு, மூணு அமாவாசைக்குப் பம்பு தொடாம இருந்தா தன்னால எறங்கிரும். கொழுந்து எடுக்கலாம், தோசமில்ல.”

“மூணு அமாவாசைன்னா எப்ப வரைக்கும்?”

“நவம்பர் மாசக் கடைசி” என்று கூட்டத்தில் ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகச் சொன்னன. யாரும் விரல் விட்டு எண்ணியதாகத் தெரியவில்லை.

[சொன்னன என்று எழுதிவிட்டேன். சொல்லின என்று திருத்த வேண்டும். திருத்திக்கொள்ளுங்கள், நான் இப்போது நிறுத்த முடியாது.]

காளியண்ணன் நெருப்பைப் பார்த்தார். தன் முப்பது வருடக் கங்காணி வேலையில் இப்படி ஒரு வழக்கு அவருக்கு வந்ததில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“சரி. உப்பும் மெளகாயும் போடுவோம். கண்ணுன்னா நெடி வராது. நெடி வந்து எவனாச்சும் இருமினா, கண்ணு இல்ல, சீக்கு. அப்ப டிரஸ்ஸர்தான். நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

இருபது வருடமாக மூக்குப்பொடி போட்டு அவருக்கு நெடி தெரியாது. அதனால்தான் அடுத்தவர் இருமலை அளவாக வைத்தார். அவர் ஏன் நகர்ந்து போய்க் காற்றுக்கு மேல்பக்கம் நின்றுகொண்டார் என்பது என் ஆய்வு எல்லைக்குள் வரவில்லை.

ராதாகிருஷ்ணனை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவன் சப்பாத்தைத் தூக்கச் சொல்லி, கண் வைத்தவனின் காலடி மண் என்று ஒரு சிட்டிகை எடுத்தாள் மணியம்மா. லயத்திலிருந்து உப்பு வந்தது. ஒரு பிடி காய்ந்த மிளகாய் வந்தது. பவளத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அவளைத் துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் தகர டின்னில் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்தது. புகை எழும்பியது.

நெடி இருந்ததா என்று கேட்கிறீர்களா? மிளகாயை நெருப்பில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

முதல் வரிசையில் நின்றவர்கள் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். காலை இழுத்து நடக்கும் அந்த மனிதர் வாயைக் கையால் பொத்தவில்லை. பொத்தினால் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நின்றார். இரவெல்லாம் இருமுகிறவர்கள் இருமவில்லை. கைப்பிள்ளைகளை ஏற்கெனவே யாரோ லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மணியம்மா முகம் கறுத்து வீங்கிப்போய், “பாத்தீங்களா, நெடியே இல்ல” என்று மூச்சு விடாமல் மூன்று சொல் சொன்னாள்.

புகை மேசைக்கு வந்தது.

புகை பட்டால் ஒரு மணிநேரம் இருமுகிற நாகரத்தினம். மிக மோசம், பக்கத்தில் இன்னொரு மிக. அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிச் செக்ரோலில் விழுந்தது. பவளம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்து, மருந்துக் கூட்டத்திலிருந்து பவளத்தின் பெயரை அடித்து, கொழுந்துப் பக்கத்தில் எழுதினார். இருமவில்லை.

அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மீசைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கி இருந்தது ஒரே ஆள்.

9

ராதாகிருஷ்ணனுக்குப் புகை நேரே முகத்தில் அடித்தது. அவனுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. முக்காலியில் வைத்த டம்ளர் புரிந்தது, இழுத்த கால் புரிந்தது, எண்பது மஞ்சள் தாளும் புரிந்தன. புரிந்த அதே விநாடியில் தொண்டை கமறியது.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) அவன் அடக்கிக்கொண்டான். பவளம் மூன்று அமாவாசை கொழுந்து எடுத்தாள். சாரதா பரீட்சை எழுதினாள்.

(ஆ) அவன் இருமினான். “பட்டணத்துப் பிள்ள, குளிரு ஒத்துக்கல” என்று காளியண்ணன் நொடியில் சொல்லிவிட்டார். எண்பது பேரும் ஆமாம் என்றார்கள்.

(இ) அவன் இருமினான். தோட்டத்தில் எல்லாருக்கும் மேலே இருக்கும் துரையின் ஜீப் அந்த நேரத்தில் வந்து நின்றது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே அவன் லோரி ஏறிக் கீழே போனதும், எண்பது தாளையும் ஒரு டிக்கும் மாற்றாமல் கொடுத்து மதிப்பெண் வாங்கியதும் தெரியும். 'கல்வியறிவற்ற விதவைப் பெண்களிடம் தன்னம்பிக்கை மிகுதி' என்று அவன் எழுதிய வரி எங்கேயோ ஓர் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அந்த வரி உண்மைதான், அவன் நினைத்த அர்த்தத்தில் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததை மணியம்மா தாப்பாவில் சொன்னாள். அதைச் சொல்வதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

“ஒடம்பு எப்படி இருக்கு தம்பி?”

என் சட்டைப் பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, ஆபீசில் சொல்லப்போவதும் இல்லை.

“நல்லா இருக்கேன்மா” என்றேன்.

“நல்லாவா, மிக நல்லாவா?” என்று கேட்டுவிட்டு மணியம்மா பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள்.

அதனால் முடிவை எழுதமாட்டேன். எழுதாத வரையில் பவளம் பெயர் செக்ரோலில் இருக்கிறது, முன்னறையில் சாரதா சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு தடவை அந்த மேசையில் உட்கார்ந்தாயிற்று. இப்போது எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள்.

மிளகாய் இன்னும் எரிகிறது. காற்று உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பவளம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று அமாவாசைதான்.